நடுவில் நிற்காத குரல்

என் காதைப் பற்றி நானே பெருமையாக எழுதினால் திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கள்ளக்குறிச்சியில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. போர்டில் என் கணவர் பெயரின் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன. ஆனால் விசேஷத்துக்கு மைக் செட் பேச வருகிறவர்கள் தேதி சொல்வதற்கு முன்னால், "அந்தம்மா வருதா?" என்றுதான் கேட்பார்கள். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்குவது, ஜெனரேட்டர் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் என் வேலை. அதில் அவர் கை வைக்கமாட்டார்.

மிக்ஸர் என்னிடம் வந்தது தற்செயல். கல்யாணமான புதிதில் நைனார்பாளையத்தில் ஒரு காதுகுத்து. அவருக்குக் கடுமையான காய்ச்சல். வேறு ஆள் கிடைக்காமல் நான் போய் ஆம்ப்ளிபையர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக் ஊளையிடுவதற்கு முன்னால் மெல்லிசாக ஓர் இழுப்பு வரும். அது எனக்குக் கேட்டது. ஊளை வருவதற்குள் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டேன். அன்றைக்கு நாள் முழுக்க ஒரு தடவைகூட மைக் கத்தவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர், இனிமேல் நீயே உட்கார் என்று சொல்லிவிட்டார். ஓர் ஆண்பிள்ளை அப்படிச் சொல்வதற்கும் மனசு வேண்டும், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இயர்போன் பைத்தியம் பிடித்தது பிற்பாடு. சின்னசேலத்தில் ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் பாக்ஸ் கொடுத்திருந்தோம். பாட வந்த பெண் காதுக்குள் அடக்கமாக ஒன்றை மாட்டியிருந்தாள். மேடைச் சத்தத்தில் தன் குரலைத் தானே கேட்பதற்கு அது. ஐஇஎம் என்று பெயர் சொன்னாள். இடைவேளையில் கெஞ்சி வாங்கி ஒரே ஒரு பாட்டு கேட்டேன். நான் நூறு கல்யாணத்தில் போட்ட பாட்டு அது. அதற்குள் பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தார்களே என்று கோபம்கூட வந்தது.

அதற்கப்புறம் நான் வாங்கியது, விற்றது, மாற்றிக்கொண்டது எல்லாம் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆசைக்கு மூன்று சாமான் வேண்டும். காதில் செருகும் இயர்போன் ஒன்று. பாட்டைக் கொடுக்கும் பிளேயர் ஒன்று. அது பார்க்கப் போன் மாதிரி இருக்கும், பேச முடியாது, விலை மட்டும் போனைவிட ஜாஸ்தி. இரண்டையும் சேர்க்கும் கேபிள் ஒன்று. கேபிளைக் கழற்றி மாட்டலாம் என்பதால் ஆளாளுக்கு நாலைந்து வைத்திருப்பார்கள். செம்புக் கம்பியில் ஒரு மாதிரி கேட்கும், வெள்ளிக் கம்பியில் இன்னொரு மாதிரி கேட்கும் என்று சத்தியம் பண்ணுவார்கள். ஒரே பாட்டை இயர்போன் மாற்றி, பிளேயர் மாற்றி, கேபிள் மாற்றிக் கேட்டு, கேட்டதை எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முக்கால்வாசிப் பேர் சென்னை, கோவை, பெங்களூர்க்காரர்கள். டாக்டர், இன்ஜினியர், வங்கி மேனேஜர் என்று இருப்பார்கள். நான் என் படத்துக்குப் பதில் எங்கள் கடை போர்டைப் போட்டிருந்தேன். எல்லோரும் என்னை 'கள்ளக்குறிச்சி ப்ரோ' என்று கூப்பிடுவார்கள். நான் திருத்தவில்லை. பெண் என்று தெரிந்தால் ஒன்று தேவைக்கு மேல் புகழ்வார்கள், இல்லையென்றால் பாடம் எடுப்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். யாராவது விலை உயர்ந்த செட் வாங்கினால் அதைக் கூரியரில் வரிசையாகச் சுற்றுக்கு விடுவார்கள். ஒவ்வொருவரும் ஐந்து நாள் வைத்திருந்து, கேட்டு, எழுதிவிட்டு அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். முகம் பார்க்காத ஆட்களை நம்பி அவ்வளவு பெரிய சாமானை அனுப்புவார்கள். இதுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

போன ஆடி மாதம் ஒரு செட் சுற்றுக்கு வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு பல் டாக்டருடையது. இயர்போன் ஒரு ஜோடி, பிளேயர் இரண்டு, கேபிள் மூன்று. மூன்றாவது கேபிள்தான் அதில் ராஜா. ஒருவர் கையால் பின்னிக் கொடுத்தது. சுண்டுவிரல் தடிமன், வெள்ளியில் தங்கம் கலந்த கம்பி. அதன் விலையில் எங்கள் பெரிய ஆம்ப்ளிபையரை வாங்கிவிடலாம். விலை குழுவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். எட்டுப் பேரும் அந்தக் கேபிளைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். பாட்டு தலையை விட்டே வெளியே போய்விட்டது என்று ஒருவர். அறைக்குச் சுவரே இல்லாத மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர்.

எனக்கென்று ஒரு சோதனை உண்டு. புது இயர்போன் எது வந்தாலும் நான் முதலில் போடுவது பாட்டு இல்லை. என் கணவர், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்வதைப் பதிந்து வைத்திருக்கிறேன். அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. எந்த இயர்போன் அவருக்குச் சளி பிடிக்கவைக்கிறது, எது அவரைக் கீச்சுக்குரலாக்குகிறது என்று ஒன், டூ, த்ரீக்குள் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த ஆடி மாதம் அதை நான் போடவில்லை. வெட்கமாக இருந்தது. ராஜா வீட்டுச் சாமானில் போய் மைக் டெஸ்டிங் கேட்பதா? குழுவில் கொடுத்திருந்த பாட்டுப் பட்டியலைப் பயபக்தியோடு போட்டுக் கேட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

பெரிய பிளேயரில் பாட்டு கொஞ்சம் இளஞ்சூடாக, நிதானமாக வந்தது. சின்னதில் ஒவ்வொரு வாத்தியத்தின் ஓரமும் கத்தரித்த மாதிரி தெரிந்தது. முதல் இரண்டு கேபிளுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். மூன்றாவதை மாட்டியதும் உடனே தெரிந்தது. வயலின்கள் தோளுக்கு அப்பால் போய்விட்டன. பாடகர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பிடிபடவில்லை. பேஸ் என்கிற அடிச்சத்தத்தில் கனம் கம்மியாக இருந்தது. உயர்ந்த சாமான் இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்க்கிற அகலம், நாலாபக்கமும் பாட்டு என்று நீளமாக எழுதினேன். குழுவில் இதயப் படங்களாகக் கொட்டின. "கள்ளக்குறிச்சி ப்ரோ எழுத்தே தனி" என்று டாக்டர் போட்டார். நான் பூரித்துப்போய் அதை என் கணவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

மூன்றாம் நாள் எங்களுக்குக் கல்வராயன் மலையில் வேலை. வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊரில் மாரியம்மன் திருவிழா. அடுத்தவர் சாமானை வீட்டில் விட்டுப்போக மனசில்லாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் டவர் போய்விட்டது. வளைவுக்கு வளைவு பின்னால் பாக்ஸ்கள் நகர்ந்து முட்டிக்கொண்டன. நான் மடியில் இருந்ததை மட்டும் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கியர் மாற்றினார்.

மதியத்துக்கு மேல் பாக்ஸ் இறக்கினோம். கோயிலுக்கு முன்னால் திடல், அதற்குப் பின்னால் சரிவு முழுக்க மரவள்ளி. கீழே எங்கள் ஊரில் கரும்பு லாரியும் பஸ்ஸும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அங்கே அந்தத் தொல்லை இல்லை. அவர் வயர் இழுத்து மாட்டி, மைக்கைப் பிடித்து, "ஹலோ, ஹலோ" என்றார். நான் வழக்கம்போலத் திடலின் நடுவுக்கு நடந்தேன். இரண்டு பாக்ஸுக்கும் சமதூரத்தில் நின்றால், பேசுகிறவர் குரல் இரண்டுக்கும் நடுவே, ஆளே இல்லாத இடத்திலிருந்து வரவேண்டும். அன்றைக்கு அப்படி வரவில்லை. குரல் இரண்டு பக்கமும் சிதறி, எங்கேயும் நிற்காமல் அலைந்தது. அடியில் இருக்கவேண்டிய கனத்தையும் காணோம்.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கிற கோளாறு. இரண்டு பாக்ஸில் ஒன்றுக்கு மட்டும் வயரின் பிளஸ், மைனஸ் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். ஒன்று கொடுப்பதை மற்றது தின்றுவிடும். என் பக்கத்தில் நின்றிருந்த விழாக் குழுக்காரருக்கு அது தெரியவில்லை. "நல்லாத்தாம்மா கேக்குது. நாலா பக்கமும் கேக்குது. வுடுங்க" என்றார்.

தூரத்திலிருந்து கத்திப் பயனில்லை என்பதால் எங்களுக்குள் கைஜாடை உண்டு. இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்று பின்னி உயர்த்திக் காட்டினேன். வயரை மாற்று என்று அர்த்தம். அவர் இடது பாக்ஸுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். திரும்பி வந்து மறுபடி, "ஹலோ" என்றார். குரல் வந்து நடுவில் நின்றது.

"அட, இப்பதான் ஆளு நேரா நின்னு பேசற மாதிரி இருக்குது" என்றார் விழாக் குழுக்காரர்.

 நாலாபக்கமும் பாட்டு என்று முந்தின நாள் எழுதியவள் நான். பாடகர் எங்கே நிற்கிறார் என்று தெரியாததை, பேஸில் கனம் இல்லாததை, மெனக்கெட்டு வர்ணித்தவளும் நான்தான். வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினேன்.

முன் சீட்டில் உட்கார்ந்து மூன்றாவது கேபிளை மாட்டி, என் கணவரின் மைக் டெஸ்டிங்கைப் போட்டேன். ஆளைக் காணோம். தோளுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகப் பிய்ந்து கிடந்தார். முதல் கேபிளை மாட்டினேன். நெற்றிக்கு நடுவில் வந்து நின்று ஒன், டூ, த்ரீ என்றார். மறுபடி மூன்றாவது. இந்தத் தடவை வலது காதின் முனையை மட்டும் உருவித் திருப்பிச் செருகினேன். கேபிளின் முனையில் பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என்று இரண்டு சின்ன ஊசிகள் இருக்கும். திருப்பிப் போட்டால் இரண்டும் இடம் மாறும். காதுமேல் வளையவேண்டிய வயர் கோணலாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டேன். மனுஷன் கச்சிதமாக நெற்றிக்கு நடுவில் வந்து நின்றார்.

அப்புறமும் என் காதை நான் நம்பவில்லை. வயர் தொடர்பு பார்க்கும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஊசிக்கும் பிளக்குக்கும் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கேபிளிலும் இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில் பீப் அடித்தது. ராஜா கேபிளின் வலது பக்கம் மட்டும் மாறி அடித்தது. பின்னியவர் கடைசியில் பற்றவைக்கும்போது கம்பியை மாற்றி வைத்துவிட்டார். அந்த ஈயப்பொட்டுத் தப்பைத்தான் எட்டுப் பேரும், ஒன்பதாவதாக நானும் வானம், சுவரில்லாத அறை என்று எழுதித் தள்ளியிருக்கிறோம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தினமும் பாக்ஸில் பார்க்கிற கோளாறு, காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் கணவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திருவிழா முடிந்து மறுநாள் காலை மலை இறங்கும்போதுதான் பேச்சை எடுத்தார்.

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"எழுதணும்ங்க. கேபிள் தப்புன்னு சொல்லணும்."

"இன்னாத்துக்கு? பேக் பண்ணி அடுத்த ஆளுக்கு அனுப்பிச்சிட்டு வேலயப் பாரு. நல்லா கீதுன்னு நீயே எழுதிட்ட. இப்ப மாத்திச் சொன்னா உன்னத்தான் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"அவங்கல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. எட்டுப் பேரு சொன்னத தப்புன்னு சொல்லிக்கினு நிக்கப்போற. உன் காதுதான் கோளாறுன்னு ஆயிட்டா? கடை போர்ட வேற அதுல போட்டு வச்சிகீற."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களுக்குச் சோறு போடுவது என் காது. அதன்மேல் ஒரு சந்தேகம் விழுந்தால், அது குழுவோடு நிற்காது. குழுவில் கள்ளக்குறிச்சிக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், பேச்சு ஊருக்கு வந்துவிடும். பேசாமல் பெட்டியை மூடி அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்தாவது ஆளும் வானத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போவார். ஆனால் தெரிந்த கோளாறோடு ஒரு பாக்ஸை நான் யார் வாசலிலும் வைத்ததில்லை. கேபிளுக்கு மட்டும் வேறு நியாயமா?

கச்சிராயபாளையத்தில் டவர் வந்தது. டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் போனைப் பிடித்துக்கொண்டார். நான் மூன்று கேபிளிலும் மீட்டரை வைத்துக் காட்டி, வாயால் விளக்கிச் சொல்லி ஒரு வீடியோ எடுத்தோம். அதற்கு மேலே எழுதிய முதல் வரி, 'முந்தாநாள் நான் எழுதியது தப்பு.' நான் இதுவரை எழுதியதில் எனக்குப் பிடித்த வரி அதுதான். 

 முதலில் வந்தது, "அக்காவா?" என்று ஒரே ஒரு வார்த்தை. வீடியோவில் என் குரல் கேட்டதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு மளமளவென்று வந்தன. மீட்டர் பழசாக இருக்கும், பிளேயரில் ஏதோ செட்டிங் மாறியிருக்கும் என்று சிலர். கேபிளை நான் ஏதாவது நோண்டிக் கெடுத்திருப்பேன் என்று ஒருவர். குழாய் ஸ்பீக்கர் கேட்ட காதுக்கு இதெல்லாம் எட்டாது என்று இன்னொருவர். அதைப் படித்ததும் எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. டாக்டர் மட்டும் ஒரே வரி போட்டார், "அடுத்தவருக்கு வேண்டாம், எனக்கே திருப்பி அனுப்புங்கள்." அன்றைக்கே கூரியரில் போட்டேன்.

அடுத்த நாலு நாளும் குழுவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நாள் மணலூர்பேட்டையில் கல்யாணம். வாழ்த்திப் பேச வந்தவர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டார். ஊளை வரப்போகிறது என்று தெரிந்தும், என் காதில் விழுந்தது நிஜம்தானா என்று ஒரு கணம் கை தயங்கிவிட்டது. மைக் வீலென்று கத்தியது. பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மீட்டர் தப்புச் சொல்லாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் பயந்தேன்.

ஐந்தாம் நாள் காலை கடையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் போனில் கூப்பிட்டார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க சொன்னது சரி மேடம். நானே மீட்டர் வாங்கிப் பார்த்தேன். கேபிள் செஞ்சவர்கிட்டயும் கொண்டு போனேன். பார்த்துட்டு ஒத்துக்கிட்டார். சரி பண்ணிக் கொடுத்துட்டார். இப்பதான் குழுவுல எழுதினேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பம் தூக்கிக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்து, வயர் மாறியிருந்தது நிஜம்தான் என்று இரண்டு விரலைப் பின்னிக் காட்டினேன். அவர் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. குழாய் ஸ்பீக்கர் காது என்று எழுதியவர் தன் செய்தியை அழித்துவிட்டதைப் பிறகு பார்த்தேன். அழித்தால் போகட்டும், நான் ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் போனை வைக்கவில்லை. இன்னொன்றும் கேட்டார்.

"நான் ஆறு மாசமா அதுல கேட்கறேன். அப்புறம் எட்டுப் பேர் கேட்டாங்க. எங்க யாருக்குமே ஏன் தெரியல?"

அடக்கமாகப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அடக்கம் வராது.

"எங்க தொழில்ல பாக்ஸ் மாறிப்போச்சுன்னா கூட்டத்துல ஒருத்தரும் வந்து சொல்லமாட்டாங்க சார். இன்னான்னு அவங்களுக்கே தெரியாது. ஏதோ புடிக்கலன்னு ஒவ்வொருத்தரா எழுந்து போய்க்கினே இருப்பாங்க. அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள நான் கண்டுபுடிச்சாகணும். அதான் சார் எனக்கு வேல."

 டாக்டர், "புதுசா ஒரு செட் வாங்கியிருக்கேன். சுத்துக்கு விடறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பட்டுமா? கேட்டுச் சொல்றீங்களா?" என்றார்.

"அனுப்புங்க சார்," என்றேன். "நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் எது இன்னா வெலன்னு மட்டும் சொல்லாதீங்க."